ஞாயிற்றுக்கிழமை போட்டோகிராபர்: வேலையில் இருந்துகொண்டே விசேஷங்களுக்குப் படமெடுக்கத் தொடங்குவது எப்படி?

விசேஷ வீடுகளில் படமெடுத்துப் பக்க வருமானம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேமரா வாங்கலாம் என்று. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு உங்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? ஒன்றரை மணி நேரம் என்றால் அதுதான் உங்கள் தொழிலின் அளவு. ஞாயிறு கேமராவோடு நிற்பது நாலைந்து மணி நேரம். அந்தப் படங்களில் வேண்டாதவற்றைக் கழித்து, நிறம் திருத்தி, ஆல்பமாக்கிக் கொடுப்பதெல்லாம் வாரநாள் ராத்திரிகளில்தான் நடக்கும். நான் பார்த்தவரை, இந்தத் தொழிலுக்கு வந்து பாதியில் விட்டவர்கள் படம் சரியில்லாமல் விட்டவர்கள் இல்லை. ஆல்பம் கொடுக்க முடியாமல், போன் எடுக்கப் பயந்து விட்டவர்கள்.

மாதச் சம்பள வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து, தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டி இதை எழுதுகிறேன்.

முதலில் ஆபீஸ்

அரசு ஊழியர் என்றால் நேராகத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் தனித் தொழில் செய்யக் கூடாது. தனியார் நிறுவனம் என்றால் சேரும்போது கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். பல நிறுவனங்கள் வேறு வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி வைத்திருக்கும். எழுதிக் கேட்டால் வார விடுமுறை வேலைக்குச் சில இடங்களில் சரி என்பார்கள். மனைவி பெயரில் பில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் கேமராவும் கையுமாக நிற்கப்போவது நீங்கள்தானே, அப்புறம் யாரிடமிருந்து மறைப்பது?

எந்த விசேஷத்தை எடுப்பது

மாதக் காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாட்களைப் பாருங்கள். அதில் ஞாயிற்றுக்கிழமை விழுவதை மட்டும் வட்டம் போடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. மிச்சமிருக்கும் ஞாயிறு முகூர்த்தங்கள் சொற்பம். அந்த நாட்களுக்கு மண்டபமும், சமையல்காரரும், பெரிய ஸ்டுடியோக்களும் மாதக்கணக்கில் முன்பே புக் ஆகியிருக்கும். புதிதாக வருகிற நீங்கள் அந்தப் போட்டியில் போய் நிற்க வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றவை காதுகுத்து, வளைகாப்பு, பெயர் சூட்டு விழா, முதல் பிறந்தநாள், கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம், அறுபதாம் கல்யாணம். அரை நாளில் முடியும், ஒரே ஆள் சமாளிக்கலாம், ஐந்நூறு அறுநூறு படத்துக்குள் அடங்கும், அடுத்த ஞாயிறுக்குள் எடிட் முடிந்துவிடும். கல்யாணம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன், ஞாயிறு விடியற்காலை முகூர்த்தம், இரண்டாயிரம் மூவாயிரம் படங்கள், கூடவே வீடியோக்காரர், கேண்டிட் எடுக்க இன்னொருவர். திங்கட்கிழமை காலை ஆபீஸ் மீட்டிங்கில் கண் சொருகும். அதைவிட மோசம், அந்த எடிட் உங்கள் மூன்று வார ராத்திரிகளைத் தின்றுவிடும். கல்யாணம் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு இத்தனைதான் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, இரண்டாம் வருஷத்தில் தொடங்குங்கள்.

பெண்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதி, மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றுக்குப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் நிறைய, ஆட்கள்தான் குறைவு.

ஒரு சீசன் இன்னொருவர் பின்னால் நில்லுங்கள்

உங்கள் ஊரில் தொழில் நடத்தும் ஒருவரிடம் அசிஸ்டெண்டாகப் போங்கள். லைட் பிடிக்கவும் பை தூக்கவும் தயாராகப் போனால் யாரும் வேண்டாம் என்பதில்லை. கேமராவை எப்படி வைப்பது என்பதை யூடியூபிலேயே கற்றுக்கொள்ளலாம். மண்டபத்தில் கற்க வேண்டியது விசேஷத்தின் வரிசையை. மாலை மாற்றுதல் எப்போது, ஊஞ்சல் எப்போது, தாரை வார்க்கும்போது யார் யார் கை சேரும், அம்மி மிதிக்கையில் மெட்டி போடுவது யார், கொங்குப் பக்கம் இணைச்சீர் எந்த இடத்தில் வரும், செட்டிநாட்டில் திருப்பூட்டும்போது யார் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். ஐயர் அடுத்து எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறார் என்பதை வைத்தே அடுத்த படத்துக்கு நகர்ந்து நிற்கத் தெரிய வேண்டும். அது கூடவே நின்று பார்த்தால்தான் வரும்.

அசிஸ்டெண்டாகப் போகும் இடத்தில் எடுத்த படங்களை உங்கள் பக்கத்தில் போடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விசிட்டிங் கார்டை அந்த வீட்டாரிடம் நீட்டாதீர்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

சரி, கேமரா

புதுசு வேண்டாம். நன்றாக வைத்திருந்த பழைய ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா போதும். ஒரே நிபந்தனை, இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்க வேண்டும். 2014இல் வந்த நிக்கான் டி750, 2018இல் வந்த சோனி ஏ7 3 இரண்டிலும் அது உண்டு. அதே 2018இல் வந்த நிக்கான் இசட்6இல் ஒரே கார்டுதான். படம் அருமையாக வந்தாலும் விசேஷத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தாலி கட்டுவதை இரண்டாம் முறை கட்டச் சொல்ல முடியாது. கார்டு பழுதானால் அந்த வீட்டுக்குப் போய் என்ன சொல்வீர்கள்?

லென்ஸில், அகலமாகவும் கிட்டத்திலும் எடுக்க உதவும் 24-70 எஃப் 2.8 ஒன்று சொந்தமாக வேண்டும். தூரத்திலிருந்து எடுக்கும் 70-200ஐ வாடகைக்கு எடுங்கள். ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்தால் பெரிய ஊர்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. வாடகைச் சாமானை சனிக்கிழமையே வாங்கி வீட்டில் வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரு ஃபிளாஷ், இரண்டு செட் பேட்டரி. இரண்டாவது கேமரா ஒன்று பையில் இருக்கட்டும், பழைய சாதாரணக் கேமராவானாலும் பரவாயில்லை.

மண்டப வெளிச்சம் ஒரு தனித் தலைவலி. மேடையில் எல்இடி, மேலே டியூப் லைட், வீடியோக்காரரின் லைட், ஜன்னல் வழியாக வெயில் என்று நாலு நிறம் ஒரே முகத்தில் விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அசைவு இல்லாத இடங்களில் 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதன் மினுக்கல் வேறு கணக்கு. விருந்தினர் வருவதற்கு முன் நாலு படம் எடுத்துப் பார்த்து ஷட்டரை முடிவு செய்யுங்கள். ஃபிளாஷை வெள்ளை உள்கூரையில் அடித்துத் திருப்புவது அழகு, ஆனால் பல மண்டபங்களில் கூரை இரண்டு மாடி உயரத்தில் இருக்கும். அங்கே பக்கத்தில் ஒரு வெள்ளைக் குடையோடு அசிஸ்டெண்டை நிறுத்துவதுதான் வழி.

ட்ரோன் கேட்டால், உரிமம் வைத்திருக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட, 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

விசேஷத்துக்கு முன்பு கேட்க வேண்டியவை

ஒரு வாரத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். முடியாவிட்டால் போனில் பேசுங்கள். பேச வேண்டியது வீட்டின் அத்தையிடமோ பெரியம்மாவிடமோ. வரிசை முழுக்கத் தெரிந்தவர் அவர்தான். யார் யார் படம் கட்டாயம் வேண்டும், யாரும் யாரும் பேசிக்கொள்வதில்லை, பெரியவர்களில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று நாசூக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேசாத இரண்டு பங்காளிகளைத் தோளோடு தோள் நிறுத்தப் பார்த்தால் அன்றைய நாள் கெட்டுவிடும். குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒரு இளவட்டத்தைக் குரூப் போட்டோவுக்கு ஆள் கூப்பிடும் வேலைக்கு ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் மேடையிலிருந்து கத்துவதைவிட அவன் பந்தியில் போய்த் தோளைத் தட்டுவது வேகம்.

கோயிலில் விசேஷம் என்றால் கேமராவுக்கு அனுமதி உண்டா, எந்த இடம் வரை, என்ன கட்டணம் என்று கோயில் அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். வீட்டார் கேட்டிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு வாசலில் கெடுபிடி கூடியிருக்கிறது. சர்ச் என்றால் ஃபாதரிடமோ பாஸ்டரிடமோ, ஃபிளாஷ் அடிக்கலாமா, எதுவரை நெருங்கலாம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஒரு காதுகுத்து, ஒரு முகூர்த்தம்

காதுகுத்தில் புதியவர்கள் குழந்தையின் மேலேயே கண்ணாக இருப்பார்கள். வீட்டாருக்கு அதற்குச் சமமாக முக்கியமானது தாய்மாமன் சீர். மேளத்தோடு தட்டுகள் வரிசையாக வரும். முன்னால் போய்ப் பின்னோக்கி நடந்துகொண்டே ஊர்வலம் முழுவதும் அகலமாக ஒன்று எடுக்க வேண்டும். தட்டுகளைப் பரப்பி வைத்ததும் ஒரு நாற்காலியில் ஏறி மேலிருந்து மொத்தமும் ஒரே படத்தில். அப்புறம் நகைத் தட்டு, பட்டுத் தட்டு எல்லாம் தனித்தனியாக. மாமன் செயின் போடும்போது மாமன் முகமும் செயினும் சேர்ந்து தெரிய வேண்டும். கடன் வாங்கியாவது செய்திருப்பார். அந்தப் படம் விட்டுப்போனால் ஆல்பத்தில் வேறு என்ன இருந்தாலும் அவர் வீட்டில் உங்கள் பெயர் கெட்டதுதான். குத்தும் நேரத்தில் ஆசாரியின் எதிர்ப்பக்கம், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்காருங்கள். முதல் காதில் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டாவது காதில்தான் திமிரும், மாமன் கை இறுகும், பின்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கேமராவை இறக்காமல் காத்திருங்கள். பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில், மரத்தடியில், பதினொரு மணி வெயிலில் நடக்கும். இலை நிழல் முகத்தில் திட்டுத் திட்டாக விழும் இடத்தில் மாமனை உட்கார விடாதீர்கள். பாய் விரிக்கும்போதே நாலடி தள்ளிப் போடச் சொல்லிவிடலாம்.

முகூர்த்தம் என்றால் வீடியோக்காரரிடம் முதலிலேயே பேசுங்கள். அவர் எங்கே நிற்கிறார், நீங்கள் எங்கே என்று தீர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐயரிடம், "சாமி, தாலி எடுத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாருங்க" என்று சொல்லி வையுங்கள், பெரும்பாலானவர்கள் செய்வார்கள். மாலை மாற்றும்போதே மாப்பிள்ளையின் கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பெண்ணின் முகத்தை மறைக்கிறதா என்று பார்த்து இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்கியதும் அட்சதை பறக்கும். கேமராவின் தானியங்கி ஃபோகஸ் அட்சதையைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். அதனால் ஒரே புள்ளியில், பெண்ணின் முகத்தில் முன்பே நிறுத்திக்கொள்வது நல்லது. பின்னணி மங்கலாக வர லென்ஸை எஃப் 1.8இல் அகலத் திறந்து வைக்கும் ஆசையை இங்கே அடக்குங்கள். எஃப் 4 வைத்தால்தான் கை, தாலி, இரண்டு முகம் எல்லாம் தெளிவாக வரும். கை அசைவு உறைய ஷட்டர் 1/200 வேண்டும். எல்இடி மினுக்கலால் விழும் கோடுகளை அந்த நேரத்தில் ஃபிளாஷ் அமுக்கிவிடும். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுகிற வழக்கம் இருந்தால், அந்தப் பெண்ணின் முகமும் வேண்டும். எல்லோரும் முதல் முடிச்சோடு கேமராவை இறக்கிவிடுவார்கள்.

சாப்பாட்டை முகூர்த்தம் முடிந்த முதல் பந்தியிலேயே அசிஸ்டெண்டோடு மாறி மாறி முடித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்திவரை பொறுத்திருந்தால் ரசம்தான் மிஞ்சும்.

அன்று ராத்திரி

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு நகல், வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நகல். அந்த டிஸ்க்கை மறுநாள் ஆபீஸ் டிராயரிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் அது இரண்டு நகல் ஆகாது. ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை எந்த நகலையும் அழிக்க வேண்டாம்.

திங்கள் ராத்திரி கழித்தல் மட்டும். கண் மூடியது, ஆடியது, ஒரே மாதிரி ஏழு இருப்பதில் ஆறு எல்லாம் போகட்டும். செவ்வாய், புதன், வியாழன் நிறத் திருத்தம். இதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பட்டுப்புடவையின் நிறம் பிசகக் கூடாது. அரக்கு மெரூனாகிவிட்டால் புடவைக்காரி முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார். ஜரிகை ஃபிளாஷில் வெளுத்திருந்தால் அதைச் சற்று அடக்குங்கள். இரண்டாவது, முகத்தை வெளுப்பாக்காதீர்கள். "கொஞ்சம் கலராக்குங்களேன்" என்று கேட்பார்கள். வெளிச்சத்தைச் சரிசெய்து கொடுங்கள், தோலை மாற்ற வேண்டாம். பத்து வருஷம் கழித்துப் பார்க்கையில் அந்த வெளுப்பு முகம் யாருடையதாகவும் இருக்காது.

வெள்ளிக்கிழமை இருபது முப்பது படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். விசேஷம் முடிந்து ஒரு வாரத்துக்குள் படம் வந்தால் அந்த வீட்டுக் குரூப்பில் உங்கள் பெயர் சுற்றும். அடுத்த வேலைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆல்பம் டிசைனை வெளியில் கொடுத்துவிடுங்கள். ஷீட் (ஆல்பத் தாள்) கணக்கில் செய்து தர டிசைனர்களும் லேப்களும் இருக்கிறார்கள். தாமதம் பெரும்பாலும் வீட்டார் படம் தேர்ந்தெடுப்பதில்தான் வரும். எட்டு மாதம் கழித்து லிஸ்ட் வரும், பத்து நாளில் ஆல்பம் வேண்டும் என்பார்கள். அதனால் தேர்வுக்கு 30 நாள், தவறினால் நானே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்புவேன் என்று புக்கிங் சமயத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணம்

மார்க்கெட் ரேட் என்ன என்று கேட்டு அதில் ஆயிரம் குறைத்துச் சொல்வதுதான் புதியவர்கள் வழக்கம். உங்கள் கணக்கைப் போடுங்கள். உதாரணத்துக்கு ஒரு காதுகுத்துக்கு 12,000 ரூபாய் என்று வையுங்கள். லென்ஸ் வாடகை 1,000, பெட்ரோல் 500, அசிஸ்டெண்ட் 1,500, ஆல்பம் 3,500. மீதி 5,500. படமெடுக்க 5 மணி, போய்வர 2, எடிட்டுக்கு 8, வீட்டாரோடு பேச்சுக்கும் ஆல்பம் கொண்டுபோய்க் கொடுக்கவும் 1. ஆக 16 மணி நேரத்துக்கு 5,500, மணிக்குச் சுமார் 340 ரூபாய். கேமராத் தேய்மானம் இன்னும் கழிக்கவில்லை. இந்த எண் உங்களுக்குச் சம்மதமா என்று பார்த்துவிட்டு ரேட்டைச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்கு இலவசமாக எடுப்பதானால் முழுக்க இலவசமாக, மொய்யாக நினைத்து எடுங்கள். பாதி விலை என்றால் மனஸ்தாபமும் வரும், பணமும் வராது.

வசூலை மூன்றாகப் பிரியுங்கள். தேதி உறுதி செய்ய ஒரு பங்கு, விசேஷ நாளன்று பெரிய பங்கு, ஆல்பம் கொடுக்கும்போது மிச்சம். விசேஷம் முடிந்து மொய் நோட்டு மூடிய பிறகு பணம் கேட்டால் சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லோருக்கும் பின்னால் வரிசையில் நிற்பீர்கள். காலையிலேயே, சிரித்த முகத்தோடு கேட்டுவிடுங்கள்.

காகித வேலை

பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜாக எழுதி "சரி" என்று பதில் வாங்குங்கள். தேதி, நேரம், உங்கள் பக்கம் படமெடுக்க எத்தனை பேர் வருவீர்கள், எத்தனை ஷீட், எப்போது கிடைக்கும், ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும்.

அதில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி, படங்களை உங்கள் பக்கத்தில் போட அனுமதி. படம் எடுத்தவனுக்குத்தான் உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவர்தான். எழுதி வாங்காமல் போட்டால் நீக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மஞ்சள் நீராட்டுப் படங்களை மட்டும் வீட்டார் சரி என்றாலும் போடாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகப் பதிவு செய்யலாம்; பின்னால் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்க உதவும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வருமான வரி அப்படியில்லை, முதல் ரூபாயிலிருந்தே காட்ட வேண்டும். தொழில் வருமானம் வந்துவிட்டால் இதுவரை போட்டுவந்த ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் செல்லாது. ஐடிஆர்-3 அல்லது 4க்கு மாற வேண்டும். முதல் வருஷம் மட்டுமாவது ஒரு ஆடிட்டரிடம் போங்கள். வாடகை, பெட்ரோல், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் பில்லை எடுத்து வையுங்கள். கம்பெனி விழாக்கள் எடுத்தால் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

வேலை எங்கிருந்து வரும்

இன்ஸ்டாகிராம் உதவும், ஆனால் அது ஆல்பம் காட்டும் இடம்தான். வேலை கொடுப்பவர்கள் மேக்கப் போடும் பெண்கள், பந்தல் போடுபவர்கள், கேட்டரிங்காரர்கள், மண்டப மேனேஜர்கள். பந்தல்காரர் போட்ட மேடையை ஆள் வருமுன் நன்றாக நாலு படம் எடுத்து, வீட்டார் அனுமதியோடு அன்றைக்கே அவருக்கு அனுப்புங்கள். மேக்கப் போட்டவருக்கும் அப்படியே. அவர்களுக்கும் தங்கள் வேலையைக் காட்ட நல்ல படம் வேண்டியிருக்கிறது, அதை யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

வருகிற வேலை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எடிட் முடியாத விசேஷம் இரண்டு கையில் இருந்தால் மூன்றாவதை நண்பருக்கு அனுப்புங்கள், அவரும் திருப்பி அனுப்புவார். ஆடியில் பழைய ஆல்பங்களைத் தீர்த்து, கேமராவை சர்வீசுக்குக் கொடுங்கள். மார்கழியில் அபார்ட்மெண்ட் கோல விழாவும் அரங்கேற்றமும், தை தொடங்கிப் பள்ளி ஆண்டு விழாக்களும் வரும். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆனியிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள், அதனால் புது ரேட் கார்டு ஆனி பிறப்பதற்கு முன் தயாராக இருக்கட்டும்.